அங்கே பூச்சிக்கு வீடு, இங்கே கள்ளிக்கு வீடு

கள்ளிச்செடியைச் சாகடிக்க வேண்டுமென்றால் ஹட்டனைப் போல வாய்ப்பான ஊர் கிடைக்காது. நான் இதுவரை மூன்றைச் சாகடித்திருக்கிறேன். முதலாவது, தேங்காய்க் குரும்பை அளவு உருண்டை. தலையில் ஒரு சிவப்புப் பூ இருந்தது. அது காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டியது என்று பிற்பாடுதான் தெரிந்தது, அதை விடுங்கள். ஜன்னல் ஓரத்தில் வைத்து, காய்ந்துவிடக் கூடாதே என்ற கரிசனையில் ஒருநாள் விட்டு ஒருநாள் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். ஜூன் மாதம். வெளியே ஓயாத தூறல். உள்ளே காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. மூன்றாவது வாரம் தொட்டுப் பார்த்தால், அழுகிய தக்காளிக்குள் போவதுபோல விரல் உள்ளே போனது. வெளியே பச்சை, உள்ளே கூழ்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணுக்கு நடுவே இருக்கும் காற்றிலிருந்து அது ஒட்சிசனை எடுக்கிறது. நம் ஊர் மண்ணில் அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பினால், மூச்சு முட்டிய வேரில் பூஞ்சை ஏறும்.  கள்ளி வேர் அதற்குப் பழகவில்லை.

இந்தத் தோல்விகளெல்லாம் அக்கா மகனுக்குத் தெரியும். அவன் எட்டாம் ஆண்டு படிக்கிறான். போன விடுமுறையில் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடும் 147 ஏக்கர். 1821இல் அலெக்சாண்டர் மூன் என்ற தாவரவியலாளர் தொடக்கிவைத்தது. உள்ளே ஓர்க்கிட் வீடு, பன்னச் செடிகளுக்கான இடம், ராட்சத மூங்கில் என்று சுற்றிவிட்டு கள்ளி வீட்டுக்கு வந்தபோது பையன் நின்றான்.

"மாமா, இதுக்கு எதுக்கு வீடு? குளிருமா?"

நல்ல கேள்வி. நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன். பாலைவனம் என்றால் சூடு, ஆகவே கள்ளிக்குச் சூடு கொடுக்கக் கூரை என்று. பேராதனை கடல் மட்டத்திலிருந்து 460 மீற்றர் உயரம்தான், அங்கே அப்படி ஒன்றும் குளிர் இல்லை. கூரையின் பெரிய வேலை, மழையைத் தடுப்பது.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், உலகில் எந்தப் பாலைவனத் தாவரப் பூங்காவுக்குப் போனாலும், அங்கே இருக்கும் வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்குள் நுழைந்தாலும், பார்ப்பது என்னவென்று விளங்கிவிடும். செடியையும் பூச்சியையும் காட்டுகிறார்கள் என்பது மேலோட்டமான பேச்சு. அவர்கள் கட்டியிருப்பது இன்னொரு ஊரின் வானிலையை.

பாலைவனம் என்பதற்குப் பலர் வைத்திருக்கும் அடையாளம் மணல். அது கட்டாயமில்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழை பெய்யும் இடம் என்பதுதான் வழக்கமான கணக்கு. அதனால்தான் பனி மூடிய அந்தாட்டிக்காவும் பாலைவனக் கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் சராசரி ஆண்டு மழை 200 மில்லிமீற்றரைத் தொடுவதில்லை. நம் வட்டவளைப் பக்கம் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிய நாட்கள் உண்டு, ஆண்டுக் கணக்கு 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். இலங்கையில் ஆக வறண்ட பகுதி என்று நாம் சொல்லும் மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும்கூட ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆக, நம் நாட்டில் பாலைவனம் என்று ஒன்று இல்லை. தமிழ் மரபிலும் பாலைக்குத் தனி நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை என்பார்கள். குறிஞ்சிக்காரர்களான நாம் பாலையைப் பார்க்க வேண்டுமென்றால் கூரை போட்ட வீட்டுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

பீனிக்ஸைச் சும்மா இழுக்கவில்லை. அங்கே பாலைவனத் தாவரங்களுக்கென்றே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 1939இல் திறந்தது, 140 ஏக்கர், கிட்டத்தட்ட நம் பேராதனை அளவு. கள்ளிகள் அங்கே திறந்த வெளியில் வெயிலில் நிற்கின்றன. கூரை, வலை, நிழல், ஈரம் எல்லாம் அங்கே வண்ணத்துப்பூச்சிக்கு. அதுவும் வெயில் தாங்கக்கூடிய வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் அந்தக் கூடத்தைத் திறப்பது வழக்கம். நம் பேராதனையில் நேர்மாறு: வண்ணத்துப்பூச்சி வெளியே பூவுக்குப் பூ சுற்றுகிறது, கள்ளி வீட்டுக்குள் இருக்கிறது. எந்த ஊரில் எதற்கு வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே அந்த ஊரில் என்ன குறை, என்ன மிச்சம் என்று தெரிந்துவிடும்.

சரி, கள்ளி வீட்டுக்குள் போவோம். முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். தமிழில் முள்ளும் சதையுமாக நிற்கும் எல்லாவற்றையும் கள்ளி என்கிறோம். சதுரக்கள்ளியும் கள்ளி, திருகுகள்ளியும் கள்ளி, சப்பாத்திக்கள்ளியும் கள்ளி. தாவரவியல்படி முதல் இரண்டும் ஒரு சாதி, கடைசி வேறு சாதி. சப்பாத்திக்கள்ளியின் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியது. கொலம்பஸ் போய்வந்த பிறகுதான் அது கப்பல் ஏறி நம் பக்கம் வந்தது. அப்படியானால் சங்கப் பாட்டில் பாலை நிலத்தில் நிற்கும் கள்ளி எது? அது நம் பழைய கள்ளி, ஒடித்தால் பால் வடியும் சாதி. கள்ளிப்பால் என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, ஆகவே சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒடிக்க வேண்டாம்.

ஒடிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அமெரிக்கக் கள்ளியில் முள் நேரடியாகத் தண்டிலிருந்து வராது. சிறு பஞ்சுப்பொட்டு போல ஒரு மேடு இருக்கும், முள்ளும் பூவும் கிளையும் அந்தப் பொட்டிலிருந்துதான் முளைக்கும். அந்தப் பொட்டு இருந்தால் அமெரிக்கக் கள்ளிக் குடும்பம். பொட்டு இல்லாமல் தண்டின் விளிம்பில் இரண்டு இரண்டாக முள் நின்றால் அநேகமாக நம் பால்கள்ளியின் உறவு. பையன் இதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து "பொட்டு இருக்கு, பொட்டு இல்ல" என்று எண்ணத் தொடங்கிவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

இரண்டும் வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு குடும்பத்தில் பிறந்தும் ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம், இரண்டுக்கும் ஒரே பிரச்சினை: தண்ணீரை எப்படி விடாமல் வைத்திருப்பது? இலை அகலமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். அதனால் இலையை விட்டுவிட்டன. இலை இருந்த இடத்தில் முள். இலையின் வேலையைத் தண்டு ஏற்றுக்கொண்டது, அதனால்தான் தண்டு பச்சை. முள் ஆட்டையும் மாட்டையும் தடுப்பதோடு, ஆயிரக்கணக்கில் நெருக்கி நிற்கும்போது தண்டுக்கு நிழலும் தருகிறது. தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகளையும் பாருங்கள். ஆர்மோனியத்தின் துருத்தி போல, தண்ணீர் குடித்தால் விரியும், வற்றினால் சுருங்கும், தோல் கிழியாது. அரிசோனாவின் சகுவாரோ என்ற தூண் கள்ளி இதில் ராசா. 12 மீற்றர் வரை சாதாரணமாக வளரும், 150 ஆண்டுக்கு மேல் வாழும். வேரில் பெரும்பகுதி ஆழமாகப் போவதில்லை. விரல் நீளம், சாண் ஆழம் என்று மேல் மண்ணிலேயே, தன் உயரத்துக்கு ஈடான தூரம் சுற்றிலும் பரவும். எப்போதாவது பெய்யும் மழை கீழே இறங்குவதற்குள் உறிஞ்சிவிட வேண்டுமே. அந்த அவசரம் முழுக்க வேரில்தான், வளர்ச்சியில் கிடையாது. முதல் எட்டு ஆண்டில் இரண்டு அங்குலம்கூட வளராது, பக்கக் கை முளைக்க ஐம்பது, அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். படத்தில் பார்க்கும் கை விரித்த கள்ளியெல்லாம் நம் தாத்தா காலத்துக்கும் முந்தியது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கள்ளி இரவில்தான் காற்றை உள்ளே எடுக்கிறது.

செடிகளின் இலையில் இலைவாய் என்று நுண்ணிய துளைகள் உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே போகும். தேயிலைக்கு இது பெரிய கவலை இல்லை, பகலில் திறந்து வைத்துக்கொண்டு ஒளித்தொகுப்புச் செய்கிறது, போன தண்ணீரை வேர் ஈடுகட்டுகிறது. கொழுந்தைக் கிள்ளிவிட்டால் அந்த ஈடு கிடைக்காது. நான்கில் மூன்று பங்கு தண்ணீராக இருந்த கொழுந்து, பெக்டரியில் வாட்டும் தொட்டியில் பரப்பி அடியில் காற்று விட்டால், விடிவதற்குள் துணி போல மடங்கும் பதத்துக்கு வந்துவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளி வேறு கணக்குப் போடுகிறது. தண்டிலுள்ள இலைவாயைப் பகல் முழுவதும் இறுக மூடிக்கொள்ளும். சூரியன் இறங்கி, காற்று குளிர்ந்து, ஈரம் உறிஞ்சும் வேகம் குறைந்த பிறகு திறக்கும். இருட்டில் ஒளித்தொகுப்பு நடக்காது, ஆகவே வந்த காபனீரொட்சைட்டை மலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துவைக்கும். பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமும் அதே அமிலம்தான். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டைத் திரும்ப எடுத்து, வெயிலில் உணவு தயாரிக்கும். ராத்திரி கடைக்குப் போய் சாமான் வாங்கிவைத்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பது மாதிரி. இந்த ஏற்பாடு அன்னாசிக்கும் உண்டு. பல ஓர்க்கிட்களுக்கும் உண்டு. ஓர்க்கிட் மழைக்காட்டில் வாழ்வதுதானே என்பீர்கள். உயர மரக்கிளையில் மண்ணில்லாமல் ஒட்டி நிற்பவனுக்கு மழை நின்ற மறுநாளே பாலைவனம்தான்.

இந்தப் புளிப்பை நாக்கால் கண்டுபிடித்த கதை இந்தியாவில் நடந்தது. ரணகள்ளி தெரியும்தானே, இலை விளிம்பில் குட்டி போடும் செடி. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹேய்ன் என்பவர், அந்த இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் கசக்கிறது என்று எழுதியனுப்பினார். 1815இல் அது அச்சானது. செடி இரவில் அமிலம் சேர்க்கிறது என்பதற்கான முதல் குறிப்புகளில் ஒன்று அது. ரணகள்ளியில் நச்சுப் பொருளும் உண்டு, மாடுகள் தின்று செத்திருக்கின்றன. ஹேய்ன் தின்றார் என்று நீங்களும் தின்ன வேண்டாம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானே ஒரு சோதனை செய்தேன். சோதனை என்றால் பெரிய வார்த்தை, சோம்பல் என்பதுதான் சரி. ஒரு நண்பர் தந்த சப்பாத்திக்கள்ளி மடல் ஒன்றை நடுவோம் நடுவோம் என்று மேசை மேல் போட்டிருந்தேன். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் விளிம்பில் லேசான சுருக்கம், அவ்வளவுதான். இரண்டாம் மாதம் அடி விளிம்பில் வெள்ளையாக வேர் நுனிகள் எட்டிப்பார்த்தன. ஒரு ராத்திரியில் துவளும் கொழுந்தையும் இரண்டு மாதம் மேசையில் கிடந்து வேர்விடும் மடலையும் பக்கத்தில் பக்கத்தில் நினைத்துப் பார்த்தால், இலைவாய் எப்போது திறக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கையில் ஏறிய முடி மாதிரி நுண்முட்களைப் பிடுங்க இரண்டு நாள் ஆனது தனிக் கதை. அந்த வகையில் பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத முள்தான் எமன்.

கள்ளிக் குடும்பம் அமெரிக்காவுக்கே சொந்தம் என்றேன். அதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அது நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நிற்போம். ரிப்சாலிஸ் பக்சிபெரா என்று ஒரு கள்ளி. முள் கிடையாது. நூலிழை போன்ற பச்சைத் தண்டுகள் மரக்கிளையிலிருந்து தாடி மாதிரி தொங்கும். மணி மணியாக வெள்ளைப் பழம் வைக்கும். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாகக் காணப்படும் ஒரே கள்ளி இனம் இதுதான். ஆப்பிரிக்காவிலும் மடகஸ்கரிலும் இருக்கிறது, இலங்கையிலும் இருக்கிறது. எப்படிக் கடல் தாண்டியது என்பதில் பறவை கொண்டுவந்ததா, கப்பல்காரர்கள் கொண்டுவந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பழத்தின் சதை பிசுபிசுப்பானது, பறவையின் அலகிலும் காலிலும் ஒட்டும் என்பதால் நான் பறவைக் கட்சி. எது எப்படியோ, பாலைவனத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கும் குடும்பத்தின் ஒரு பிள்ளை, ஈரக் காட்டு மரத்தில் நம்மிடையே தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் ஏதோ ஒட்டுண்ணிக் கொடி என்று கடந்துபோயிருப்பார்கள்.

வந்த விருந்தாளிகள் எல்லாம் இவ்வளவு சாதுவாக இருக்கவில்லை. சப்பாத்திக்கள்ளி, நாம் நாகதாளி என்றும் சொல்வது, தென்கரையில் புந்தல தேசியப் பூங்காப் பக்கம் காடாகப் படர்ந்து பெருந்தொல்லையாக இருக்கிறது. அதற்கு வெகு முன்னரே, 19ஆம் நூற்றாண்டில் இன்னொரு சப்பாத்திக்கள்ளி இனம் நாட்டில் பெருகியபோது, அதை மட்டும் உறிஞ்சி வாழும் ஒரு மாவுப்பூச்சியை 1865ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது வேலையை முடித்தது. ஒரு களையை அடக்கப் பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுபோனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள். அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. ஒரு பூச்சி ஒரே வகைச் செடியைத்தான் தின்னும் என்ற உண்மையை நம்பி எடுத்த முடிவு அது. வண்ணத்துப்பூச்சிக் கூடத்தின் அடிப்படையும் அதே உண்மைதான்.

வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு வகைச் செடி வேண்டும். ஒன்று தேன் தரும் செடி. இது ஏறக்குறைய எதுவாகவும் இருக்கலாம், வீட்டு வாசலில் பூக்கும் நாயுண்ணிகூடப் போதும். இன்னொன்று புழு தின்னும் செடி. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. நம் வீட்டுச் சட்டியில் இருக்கும் கறிவேப்பிலையிலும் தேசிச் செடியிலும் கருப்பு நிறப் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று முட்டையிடும். அதன் புழுவைக் கோவா (முட்டைக்கோஸ்) இலையில் கொண்டுபோய் விட்டால் பட்டினி கிடந்து சாகும், தின்னாது. தாய்ப்பூச்சி சரியான செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், காலால் ருசி பார்த்து. இலையில் உட்கார்ந்து முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும், சுவை சரி என்றால் வயிற்றை வளைத்து ஒரு முட்டை. நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி, கருப்பு முன்சிறகும் மஞ்சள் பின்சிறகுமாகச் சாண் அகலத்துக்கு உயரத்தில் மிதந்து போகும், உலகில் வேறெங்கும் கிடையாது. அது முட்டையிடுவது ஈஸ்வரமூலி இனக் கொடிகளில். மருந்துக்கென்று அந்தக் கொடியை வேரோடு பிடுங்கினால் அங்கே அந்தப் பூச்சி இருக்காது. பூ எவ்வளவு இருந்தாலும் சரி.

இப்போது ஒரு புதிர். வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிக் கூடங்களுக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள்: பூ நிறைய இருக்கும், வண்ணத்துப்பூச்சி நிறைய இருக்கும், புழு பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் அது வேண்டுமென்றே செய்வது. வெளிநாட்டு இனங்கள் தப்பிப்போய் பயிரைத் தின்று பெருகிவிடக் கூடாது என்பதால், அவை முட்டையிடக்கூடிய செடியையே கூடத்துக்குள் வைப்பதில்லை. அப்படியானால் பூச்சி எங்கிருந்து வருகிறது? கூரியரில். கொஸ்தாரிக்கா, பிலிப்பைன்ஸ், கென்யா போன்ற நாடுகளில் பண்ணைகள் இருக்கின்றன. புழு கூட்டுப்புழுவாகி அசையாமல் இருக்கும் அந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். முட்டையை விட்டால், வாழ்நாளில் அது சாப்பாடும் கேட்காமல் பறக்கவும் செய்யாமல் இருக்கும் ஒரே பருவம் அதுதானே. போய்ச் சேர்ந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். பெட்டிக்குள் குளவிகள் வெளிவந்தால் அதையும் பிடித்தாக வேண்டும். புழுவுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்னும் குளவி வகைகள் உண்டு.

வெளிவரும்போது பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், சிவப்பாக ஒரு துளி சொட்டும். இரத்தமில்லை, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. முதலில் சிறகு கசங்கிய கைக்குட்டை போலத் தொங்கும். உடம்பிலிருக்கும் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும், பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் காயவைக்கும். இங்கேதான் ஈரப்பதன் முக்கியம். காற்று வறண்டிருந்தால் கூட்டின் ஓடு இறுகி, பூச்சி பாதியில் சிக்கி, சிறகு கோணலாகவே நின்றுவிடலாம். பீனிக்ஸ் வெயிலில் அந்தக் கூடத்துக்கு நிழலும் ஈரமும் ஏன் வேண்டும் என்பதற்கு விடை அது.

கூடத்துக்கு இரண்டு கதவு இருக்கும். முதல் கதவு சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறப்பார்கள். வெளியே வரும்போது கண்ணாடி முன் நிறுத்தி முதுகையும் பையையும் பார்க்கச் சொல்வார்கள், தோளில் ஒன்று சவாரி செய்துகொண்டிருக்கலாம். உள்ளே சில எளிய விஷயம்: சிறகைத் தொடாதீர்கள், அதன் நிறமெல்லாம் தூள் போன்ற செதில், கையோடு வந்துவிடும். கீழே பார்த்து நடங்கள், ஈரத் தரையில் உப்புக்காக உட்கார்ந்திருக்கும். உங்கள் கையில் ஒன்று வந்து உட்கார்ந்து சுருள் நாக்கை நீட்டினால் பாசம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, அதற்கும் வியர்வையின் உப்புதான். பறப்பதற்கு உடம்பு 30 பாகை செல்சியஸ் அளவு சூடாக வேண்டும் என்பதால், மப்பும் மந்தாரமுமான நாளில் போனால் எல்லாம் இலைக்கடியில் தூங்கும். பத்து மணிக்கு மேல், வெயில் விழுந்த பிறகு போவது நல்லது. நுவரெலியாவிலும் ஹக்கலைப் பூங்காவிலும் பனிமூட்டக் காலையில் ஒன்றும் கண்ணில் படாததற்குக் காரணம் இதுவே.

நமக்கு இந்தக் கூடம் அவ்வளவு தேவைதானா என்று சில வேளை தோன்றும். இந்தச் சிறு தீவில் ஏறத்தாழ 250 இன வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்ற பெயரும் உண்டு, சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. யாத்திரைக் காலத்தின் பின்பாதியில், மார்ச், ஏப்ரல் வாக்கில், மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் போவதைப் பார்த்தவர்கள், அவையும் மலைக்கு யாத்திரை போகின்றன என்பார்கள். இதைப் பிடித்து வெளியே கொண்டுபோகவும் ஆட்கள் வருகிறார்கள். 2024இல் யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இத்தாலியர் இருவருக்கு நீதிமன்றம் 6 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆகவே பிள்ளைகளிடம் வலையைக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு கறிவேப்பிலைச் சட்டி போதும்.

பேராதனையிலிருந்து வந்ததும் பையன் அதைத்தான் செய்தான். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஏற்கெனவே கறிவேப்பிலை இருந்தது, இலை கடிபட்டால் அக்கா புழுவை எடுத்து வீசுவாள். இந்தத் தடவை வீச விடவில்லை. முதலில் பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமாக இருந்த புழு, தோலுரித்துத் தோலுரித்துப் பச்சையாயிற்று. ஈர்க்கால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குழம்புக்கு இலை வேணும்டா" என்று முணுமுணுத்தாள். கூடு கட்டிய பிறகு எங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு வாரத்துக்கு மேலாகியும் அசைவில்லை. ஒரு காலை கூட்டின் ஓடு கருத்து, உள்ளே சிறகின் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

அன்று மத்தியானம் அது சிறகு காயவைத்துக்கொண்டிருந்தபோது மழை இருட்டியது. நான் ஓடிப்போய் என் நாலாவது கள்ளிச் சட்டியை உள்ளே எடுத்தேன். கறிவேப்பிலைச் சட்டியையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் மாமா, அது இந்த ஊர்க்காரன்" என்றான்.